வில்லன் சாகாத தெரு

எண்பதுகளின் நடுவில் திருவண்ணாமலையில் ஒரு தெரு இருந்தது. அங்கே குடியிருந்தவர்கள் ஞாயிறு தவறாமல் டி.வி.யில் சினிமா பார்த்தார்கள். ஆனால் ஒரு வில்லனாவது செத்து அவர்கள் பார்த்ததில்லை.

கதாநாயகன் வில்லனைத் துரத்துவான். கிடங்கு, மாடிப்படி, மலையுச்சி என்று எங்கேயாவது கொண்டுபோய் மடக்குவான். வில்லன் தன் தங்கையைக் கெடுத்தது, அப்பாவைக் கொன்றது எல்லாவற்றையும் ஒருமுறை நினைவுபடுத்திவிட்டுக் கையை ஓங்குவான். அப்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். திரையின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி மிஞ்சும், அதுவும் சுருங்கி மறையும். மீதிக் கதையை வீட்டுக்குப் போகிற வழியில் அவரவர் வசதிப்படி முடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த 'டக்'குக்குச் சொந்தக்காரர் பார்சுவநாதன். தெருவுக்கு அவர் நயினார். நம் பக்கத்துச் சமணர்களை அப்படித்தான் கூப்பிடுவது. சொந்த ஊர் போளூர்ப் பக்கம் ஒரு கிராமம். அங்கே பாட்டன் காலத்து மணிலாக் கொல்லை, அதாவது வேர்க்கடலை நிலம், உண்டு, தம்பி பயிர் வைக்கிறார். இவர் திருவண்ணாமலையில் ஒரு அரசாங்க ஆபீஸில் ஹெட் கிளார்க். எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன், அங்கே எனக்கு இன்னும் ஒரு சான்றிதழ் வரவேண்டியிருக்கிறது. காகிதம் எல்லா மேஜையும் தாண்டி, எல்லாக் கையெழுத்தும் வாங்கி, கடைசி முத்திரைக்காக அவரிடம் வரும். அங்கே நின்றுவிடும். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. எதையும் முடிய விடுவது அவருக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

தெருவிலேயே முதலில் டி.வி. வாங்கியவர் அவர். கறுப்பு வெள்ளைப் பெட்டி. சென்னையிலிருந்து வருகிற படம் இத்தனை தூரம் நடந்து களைத்துப்போய் வரும் என்பதால் மொட்டைமாடியில் இரும்புக் குழாய் நட்டு ஆண்டெனாவை ஆள் உயரத்துக்கு மேல் ஆள் உயரமாக ஏற்றியிருந்தார். அப்படியும் ஒவ்வொரு முகத்துக்கும் பின்னால் அதே முகம் நிழலாக நிற்கும். மலையில் பட்டுத் திரும்பி வருகிறது என்றார்கள். செய்தி வாசிப்பவருக்கு இரண்டு மூக்கு. நம் ஆட்கள் அதையும் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்கள்.

அப்போது காட்டியதாவது உருப்படியா என்றால் அதுவும் இல்லை. நாலு பேர் சோபாவில் உட்கார்ந்து அழுகிற நாடகம். யாருக்கும் புரியாத இந்தி. நாற்காலியில் இரண்டு பெரிய மனிதர்கள் உட்கார்ந்து ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஒப்புக்கொள்ளும் கலந்துரையாடல். வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டு. இதற்கெல்லாம் நடுவில், தடங்கலுக்கு வருந்துகிறோம் என்று ஒரு அட்டை. யாரும் குறை சொல்லாத நிகழ்ச்சி அது ஒன்றுதான்.

நயினாருக்குக் கலந்துரையாடல் பிடிக்கும். அதில் உயிர்ச்சேதம் இல்லை என்பார். பார்க்கிறவர்களை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

அவர்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. அவர்கள் வழியில் அது பெரிய விரதம், அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் வயிறு நிறைந்த ஒரு மனிதருக்கு மாலை முழுக்க வேலை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, சுவிட்சுக்கு எட்டுகிற தூரத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். தெரு பசியோடு தரையில் உட்கார்ந்திருக்கும்.

முதல் ஞாயிறு, முதல் படம், முதல் கத்திக்குத்து. அவர் எழுந்து அணைத்தார். அன்றைக்கு அது நிஜமான அருவருப்பாகவே இருந்திருக்கலாம். ஆனால் கூடம் முழுக்க ஒரே மூச்சில் அவர் பக்கம் திரும்பியது. ஆபீஸில் இத்தனை வருடம் உட்கார்ந்தும் யாரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"ஹிம்சை," என்றார்.

அன்றிலிருந்து அது சட்டம். சிங்கம் மானைத் துரத்தினால் டக். வலையில் மீன் துள்ளினால் டக். புராணப் படத்தில் அம்பு கிளம்பினால், போய்ச் சேருவதற்குள் டக். வேளைக்கு ஒரு காரியம் பண்ணாத மனிதர், இதில் மட்டும் ஒரு நொடி பிசகமாட்டார்.

எதிர்வீட்டுச் சரசு, இட்லிக் கடை வைத்திருப்பவள், வாய்க்குப் பயப்படாதவள், ஒருமுறை கேட்டேவிட்டாள்.

"இன்னா நயினாரே, அவன் சாவறதுக்குன்னு எம்மாம் நேரமா காத்துக்கினு இருக்கோம். ஒரே குத்து. அத வுட்டா உங்க சொத்தா போவுது?"

"உயிர் போறத வேடிக்க பாக்கறதும் பாவம் சரசு."

"அவன் பாவம் பண்ணது எல்லாத்தையும் மட்டும் முழுசா பாக்க வுட்டீங்களே."

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. மேலதிகாரிகளுக்கும் அவர் பதில் சொல்வதில்லை என்று கேள்வி.

நாடகத்தில் புருஷன் பெண்டாட்டியைக் கன்னம் கன்னமாக அறைவான். நயினார் காலை ஆட்டிக்கொண்டு பார்ப்பார். அவர் மனைவி கனகலதா உண்மையாகவே விரதக்காரி. விளக்கில் பூச்சி விழக்கூடாது என்று கூண்டு போடுவாள், தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் வாயில் வைக்கமாட்டாள், அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவள் ஒருநாள் கேட்டாள்.

"அடிக்கறது ஹிம்சை இல்லீங்களா?"

"அது குடும்பம்," என்றார் நயினார்.

"பாக்கப் புடிக்கலன்னா எழுந்து உள்ள போயிடலாம். நான் போறேன் இல்ல," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அவர் போகவில்லை. உள்ளே சுவிட்ச் இல்லையே.

அந்தத் தெருவின் கடைசி வீட்டில் ராஜமாணிக்கம் இருந்தான். வேங்கிக்கால் பக்கம் கொஞ்சம் நிலம், அதில் கோழிப் பண்ணை. மாமனார் சக்கரபாணி கீழ்பென்னாத்தூரில் மணிலா விவசாயி. மாப்பிள்ளை சர்க்கார் உத்தியோகத்துக்குப் போவான் என்று யாரோ தரகன் சொன்னதை நம்பிப் பெண்ணைக் கொடுத்தவர். உத்தியோகத்துக்குப் பதில் கோழி வந்தது. மகள் ஆதிலட்சுமி பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்குப் போனவள், குழந்தை தவழ ஆரம்பித்த பிறகும் திரும்பவில்லை. கோழி நாற்றத்தில் பேரனை வளர்க்க விடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார் சக்கரபாணி. மருமகனைப் பேச்சுக்குக்கூட மாப்பிள்ளை என்று சொல்வதில்லை. கோழிக்காரன் என்பார், நேரில் 'நீ' என்பார். நம் பக்கத்தில் மாமனார் மருமகனை 'நீ' என்பது செருப்பைக் காட்டுவதைவிடக் கொஞ்சம்தான் கம்மி.

இந்த நிலைமையில் டி.வி.க்காரர்கள் ஒருநாள் ஜீப்பில் வந்து ராஜமாணிக்கத்தின் பண்ணையைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். சாயங்கால விவசாய நிகழ்ச்சிக்கு. தெருவில் யாரும் மதிக்காத நிகழ்ச்சி அது. அந்த நேரத்தில் எழுந்துபோய் உலை வைப்பார்கள், துணி மடிப்பார்கள். பத்துத் தலைமுறையாக மண்ணில் கிடந்தவர்களுக்கு மண்ணை டி.வி.யில் காட்டினால் கோபம் வராமல் என்ன செய்யும்?

ராஜமாணிக்கம் பஸ் ஏறிக் கீழ்பென்னாத்தூர் போனான்.

"டி.வி.ல வர்றேன் மாமா. செவ்வாய்க்கிழமை."

"நீ வர்றியா, கோழி வருதா?"

"ரெண்டும்."

சக்கரபாணி வெகுநேரம் துண்டை உதறிக்கொண்டிருந்தார். "சர்க்காரே உன்ன மனுஷன்னு காட்டுதுன்னா நான் இல்லேன்னு சொல்ல முடியாது. ஆதிலட்சுமியையும் புள்ளையையும் கூட்டிக்கினு வர்றேன். நாலு பேர் பாக்கற மாதிரி இருந்துச்சுன்னா வுட்டுட்டு வர்றேன். அசிங்கமா இருந்துச்சுன்னா திரும்ப இட்டுக்கினு வந்துடுவேன். அப்புறம் இந்தப் பக்கம் வராத."

எங்கே பார்ப்பது? அடுத்த தெருவில் ஒரு டாக்டர் வீட்டிலும் பெட்டி இருந்தது. அங்கே போனால் என்ன வியாதி என்று கேட்பார்கள். ஆக நயினார் வீடுதான். கோழி என்றால் நயினார் என்ன செய்வார் என்பது தெருவுக்கே தெரியும். போன மாதம் முட்டைப் பொரியல் செய்முறை காட்டினார்கள். வெங்காயம் வதங்கும் முன்பே டக்.

ராஜமாணிக்கம் போய் நின்றான்.

"கோழியா?" என்றார் நயினார். "உயிரோடவா?"

"செத்த கோழிய வச்சிக்கினு நான் இன்னாங்க பண்றது."

"அதுங்க கடைசில எங்க போவுது?"

"முட்டைக்குத்தாங்க வளக்கறோம்."

"முட்டை வுடறது நின்னதுக்கு அப்புறம்?"

ராஜமாணிக்கம் காலண்டரைப் பார்த்தான். மாமனார் சொன்னது, குழந்தை, எல்லாவற்றையும் கொட்டினான். நயினார் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு மனிதனின் குடும்பமே தன் விரல் நுனியில் தொங்குகிறது என்பது அவருக்கு மெதுவாக உறைத்தது. முகம் மலர்ந்தது.

"கோழி நிக்கலாம். நடக்கலாம். மேயலாம். அறுக்கறத பத்தி ஒரு வார்த்தை வந்துச்சுன்னா அணைச்சிடுவேன்."

"வராதுங்க," என்றான் ராஜமாணிக்கம். படம் பிடித்த அன்று மைக் பிடித்தவர் இறைச்சியைப் பற்றிக் கேட்டதும் தான் ஏதோ உளறியதும் ஞாபகம் இருந்தது, என்ன உளறினோம் என்பதுதான் நினைவில்லை. சென்னையில் படத்திலிருந்து அந்த இடத்தை வெட்டியிருப்பார்கள் என்று நம்பினான். வெட்டுகிற வேலை தெரிந்தவர்கள் இருந்தால் அந்த நாடகங்கள் ஏன் அத்தனை நீளம் என்று அவன் யோசித்திருக்கலாம்.

ஆடி மாதம். காற்று ஊரைத் தூக்கிக்கொண்டு போய்விடும் போல அடித்தது. அந்த வாரம் நயினாரின் தம்பி வேறு வந்து, மணிலாவில் கம்பளிப்பூச்சி இறங்கிவிட்டது, ஒரு பக்கத்திலிருந்து மொட்டையாகிக்கொண்டு வருகிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். தெருவே கேட்க, நயினார் தம்பிக்குச் சொன்ன யோசனை: "கையால பொறுக்கி வரப்புக்கு அந்தாண்ட வுடு. சாவடிக்காத." வரப்புக்கு அந்தாண்டை வேறொருவர் கொல்லை. அங்கே புழு மேய்ந்தால் அது ஹிம்சையில் சேராது போல.

செவ்வாய் மாலை சக்கரபாணி வந்தார், இஸ்திரி போட்ட சட்டையில். ஆதிலட்சுமி குழந்தையோடு சுவரோரம் உட்கார்ந்தாள். புருஷனைப் பார்த்தாள், உடனே தலையைக் குனிந்துகொண்டாள். தெரு முழுக்க வந்திருந்தது. விவசாய நிகழ்ச்சிக்குக் கூட்டம் சேர்ந்தது அதுதான் முதலும் கடைசியும்.

பெட்டியைப் போட்டதும் படம் நெளிந்தது. காற்று ஆண்டெனாவைத் திருப்பிவிட்டிருந்தது. அதை நேராக்கும் சூட்சுமம் தெருவில் ராஜமாணிக்கத்துக்குத்தான் தெரியும். எப்போதும் அவன்தான் ஏறுவான். பழக்கதோஷத்தில் அன்றைக்கும் அவனே ஏறினான்.

"வருதா?" மேலே இருந்து குரல்.

"இல்ல."

"இப்ப?"

"வந்துச்சு வந்துச்சு. போயிடுச்சு. ஆங், அப்படியே புடி," என்றாள் சரசு. கையை விட்டால் காற்று திருப்பிவிடும். ஆகவே டி.வி.யில் தன் முகம் வரப்போகிற மனிதன், மொட்டைமாடியில் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான்.

கோழிகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிழல் கோழி. தீவனம் போடும் கை வந்தது. சக்கரபாணி கண்ணைச் சுருக்கினார். நயினாரின் கை சுவிட்சின் மேல் இருந்தது.

"கையி வருதுடா," என்று சரசு மேலே பார்த்துக் கத்தினாள்.

"மூஞ்சி?"

"இரு, வரும்."

வந்தது. தலை வாரி, பவுடர் போட்டு, வெள்ளைச் சட்டையில் ராஜமாணிக்கம். ஆதிலட்சுமி குழந்தையின் முகத்தைத் திரைப் பக்கம் திருப்பினாள். சக்கரபாணி மடியில் இருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். நாலு பேர் பார்க்கிற மாதிரிதான் இருந்தது. மைக் பிடித்தவர் கேட்டார்: "முட்டையிட்டு முடித்த கோழிகளை எப்போது இறைச்சிக்கு அனுப்புவீர்கள்?"

திரையில் ராஜமாணிக்கம் வாயைத் திறந்தான்.

டக்.

வெள்ளைப் புள்ளி சுருங்கி மறைந்தது. காற்றின் சத்தத்தோடு மேலே இருந்து குரல் வந்தது.

"சரசக்கா, நான் இன்னா சொன்னேன்?"

சரசு மேலே பார்க்காமல் நயினாரின் கையைப் பார்த்தாள்.

"போடுங்க," என்றார் சக்கரபாணி.

"அது முடியட்டும். முடிஞ்சதும் போடறேன்," என்றார் நயினார். எவ்வளவு நேரத்தில் ஒரு கொலை முடியும் என்பது அவருக்கு அத்துப்படி. காத்திருந்து போட்டார். அந்தக் காலத்துப் பெட்டி, சூடாகி வருவதற்கு அதுவே ஒரு பொழுது எடுத்துக்கொண்டது. முதலில் சத்தம் வந்தது, பிறகு படம். ராஜமாணிக்கம் போய்விட்டிருந்தான். ஒரு விவசாய அதிகாரி மணிலாக் கொல்லையில் நின்றுகொண்டிருந்தார். செடி தெரியாத அளவுக்குக் கம்பளிப்பூச்சி. ஒரு ஆள் முதுகில் தெளிப்பான் கட்டிக்கொண்டு மருந்து அடித்துக்கொண்டு போனான். பின்னாலேயே புழுக்கள் சுருண்டு சுருண்டு விழுந்தன. அருகில் வேறு காட்டினார்கள். கொத்துக் கொத்தாக.

தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டு டக்குக்குக் காத்திருந்தது.

நயினாரின் கை சுவிட்சுக்குப் போனது. சத்தத்தை ஏற்றியது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். படம் லேசாக நெளிந்ததும் மேலே பார்த்துக் கத்தினார்.

"அசையாம புடிப்பா. நல்லா வருது."

"சரிங்க நயினாரே," என்றது மேலே இருந்த குரல். அதில் அப்படி ஒரு சந்தோஷம். தன் பேச்சுத்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவன் நினைத்தான்.

அந்தக் குரலைக் கேட்டு ஆதிலட்சுமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சக்கரபாணி மகளைப் பார்த்தார், நயினாரைப் பார்த்தார்.

"ஏங்க நயினாரே. கோழின்னா ஹிம்சை. இது?"

"சும்மா இருங்க, மருந்து பேர சொல்லப் போறான். புழு பயிரத் துன்னுது."

"கோழி அதத்தான் துன்னும். எங்க மாப்ள பண்ணைல ரெண்டு கூடைய அவுத்து வுட்டா உங்க கொல்லைல ஒரு புழு நிக்காது."

சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் திகைத்தார். மாப்ள என்ற வார்த்தை அவரைக் கேட்காமலே வந்துவிட்டிருந்தது. அதற்கு ராஜமாணிக்கம் காரணமில்லை. அந்தக் கூடத்தில் கோழிக்காரனைவிட மட்டமாக நினைக்க ஒரு ஆள் கிடைத்துவிட்டார், அதுதான் காரணம். சமாதானங்கள் பெரும்பாலும் இப்படித்தான் உண்டாகின்றன.

சக்கரபாணி எழுந்து தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். இருட்டத் தொடங்கியிருந்த வானத்தில், குழாயை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, வேட்டி பறக்க மருமகன் நின்றுகொண்டிருந்தான்.

"எறங்கி வாங்க மாப்ள."

"வுட்டா படம் போயிடுங்க மாமா."

"போவட்டும். வாங்க."

'வாங்க' என்ற சொல்லைக் கேட்டதும் ராஜமாணிக்கத்தின் கை தானாகத் தளர்ந்தது. உள்ளே அதிகாரி சொல்லிக்கொண்டிருந்தார்: "இதற்கு விவசாயிகள் பயன்படுத்த வேண்டிய மருந்தின் பெயர்—"

காற்று ஆண்டெனாவைப் பிடித்துச் சுழற்றியது. திரை முழுக்கப் புள்ளி இரைச்சல்.

"பேரு," என்றார் நயினார். "பேரு இன்னா சொன்னான்? யாராவது கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லை. சரசு மெதுவாகச் சொன்னாள்: "கடைசில இன்னா ஆச்சுன்னு தெரியலன்னா எப்படி இருக்குது பாத்தீங்களா."

நயினார் வாசலுக்கு ஓடிவந்தார். சக்கரபாணி பேரனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க மணிலாக்காரர்தானே. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே."

"தெரியுங்க."

"இன்னா பேரு?"

"வுடுங்க நயினாரே. புழுவும் உயிருதானே, பாவம்," என்று சொல்லிவிட்டுச் சக்கரபாணி தெருக்கோடி வீட்டைப் பார்த்து நடந்தார். ஆதிலட்சுமியும் பின்னால் நடந்தாள். கனகலதா உள்ளே சிரித்த சத்தம் வாசல்வரை கேட்டது என்பார்கள். நான் நம்பவில்லை, அவள் அந்த நேரத்தில் பிரார்த்தனையில் இருப்பாள்.

அந்த வருடம் போளூர்ப் பக்கத்துக் கொல்லை மொட்டையாயிற்று. நயினார் அதற்குப் பிறகும் வில்லன்களைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருந்தார், ஆனால் கையில் பழைய உறுதி இல்லை. இரண்டொரு வருடத்தில் தெருவில் வீட்டுக்கு வீடு பெட்டி வந்துவிட்டது. சரசு தன் சொந்த டி.வி.யில் ஒரு படத்தைக் கடைசிவரை பார்த்தாள். வில்லன் செத்தான். போலீஸ் வந்தது. எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள்.

"இதுக்கா அந்த ஆள அந்தத் திட்டு திட்டினோம்?" என்றாள்.

ராஜமாணிக்கம் கலர் டி.வி.யே வாங்கினான். விவசாய நிகழ்ச்சி வந்தால் எழுந்து அணைத்துவிடுகிறான். அதையெல்லாம் மனுஷன் பாப்பானா என்கிறான்.

சக்கரபாணிதான் கீழ்பென்னாத்தூரில் அந்தச் செவ்வாய்க்கிழமையை விடவில்லை. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம், எங்க மாப்ள டி.வி.ல பேசினாரு என்று ஆரம்பிப்பார். இன்னா பேசினாரு என்று அவர் கேட்டால், முதலில் தீவனத்தைப் பற்றி, பிறகு நாட்டு நடப்பைப் பற்றி, வரவரப் பிரதம மந்திரி செய்ய வேண்டியதைப் பற்றியும்கூடச் சொல்லிக்கொண்டு போனார். ராஜமாணிக்கம் எதிர் இலையில் உட்கார்ந்து தலையை ஆட்டுவான். தான் என்னதான் சொன்னோம் என்பது தெரியாதவனுக்கு அதை மறுக்க முடியவில்லை.